சுண்ணாம்பு நீரா, இருபாகக் கரைசலா, கால்சியம் ரியாக்டரா?

கடல்நீர்த் தொட்டியில் கற்பவளங்கள் வளரத் தொடங்கியபின், பராமரிப்பு பெரும்பாலும் ஒரே கணக்காகச் சுருங்கிவிடுகிறது: அவை நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் அன்றன்றே எப்படி ஈடுகட்டுவது என்பதே அது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியமும், ஏறத்தாழ 7 டிகேஹெச் காரத்தன்மையும் (கார்பனேட், பைகார்பனேட் இருப்பைக் காட்டும் அளவு; டிகேஹெச் அதன் அலகு) உள்ளன. காரத்தன்மையில் 2.8 டிகேஹெச் செலவாகும்போது கால்சியத்தில் 20 மில்லிகிராம்தான் குறைகிறது. ஆகவே, ஒரு நாளில் 2 டிகேஹெச் உண்ணும் தொட்டியில் கால்சியம் 14 மில்லிகிராம் மட்டுமே இறங்க, காரத்தன்மையோ நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்துவிடுகிறது. அதனால்தான் எந்த முறையை எடைபோட்டாலும், காரத்தன்மையை அது எவ்வளவு நிதானமாக ஒரே அளவில் நிறுத்துகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். சுண்ணாம்பு நீர், இருபாகக் கரைசல், கால்சியம் ரியாக்டர் ஆகிய மூன்று முறைகளில் இருபாகக் கரைசலையே என் 300 லிட்டர் தொட்டிக்குத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலில் அதன் பக்கம் சாய்வு இருப்பதை மறைக்கவில்லை.

மென்பவளங்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு வாராந்திர நீர்மாற்றமே போதும். அக்ரோபோரா, மாண்டிபோரா போன்ற கற்பவளங்கள் வந்தபின் அது ஈடுகொடுக்காது.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் சுண்ணாம்பு நீரையே நம்பியிருந்தேன். நீற்றிய சுண்ணாம்பை ஆர்ஓ நீரில் கலக்கி, தெளிந்த பின் மேல்நீரை மட்டும் எடுத்து, ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவதுதான் முறை. இது மலிவானது, தொட்டியில் வேண்டாத உப்பு எதையும் விட்டுச்செல்வதில்லை, கரியமில வாயுவை உறிஞ்சி பிஎச் அளவை உயர்த்துகிறது. இந்த மூன்றாவது நன்மையை வேறு எந்த முறையும் இவ்வளவு வலுவாகத் தருவதில்லை. ஆனால் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் சுண்ணாம்பு கரையும் என்பதாலும், ஆவியான அளவுக்கு மேல் நீர் ஊற்ற முடியாது என்பதாலும், நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியாகும் என் தொட்டியில் முழுச்செறிவுக் கரைசலாலும் சுமார் 1.5 டிகேஹெச் மட்டுமே தர முடிந்தது. பவளங்கள் வளர்ந்து தேவை 2-ஐத் தொட்டபோது கணக்கு உதைத்தது. காற்றில் ஈரம் மிகுந்த வாரங்களில் ஆவியாதல் குறைந்தது. பவளங்களின் பசி குறையவில்லை.

வரம்பைவிட என்னை மாற்றியது ஓர் இரவு. துணைத்தொட்டியான சம்பில் நீர்மட்டத்தைக் காக்கும் மிதவை சுவிட்ச்சின்மேல் ஒரு சிறு நத்தை ஏறி அமர்ந்துவிட்டதால், நான்கு நாட்களுக்குரிய சுண்ணாம்பு நீர் விடிவதற்குள் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. காலையில் விளக்கெரிந்தபோது எதிர்க் கண்ணாடி தெரியவில்லை. நீர் பால்போல் வெளுத்திருந்தது, பம்புகளின் விளிம்பெல்லாம் சொரசொரப்பான வெள்ளைப் படிவம். நீர்மாற்றத்தாலும் காற்றோட்டத்தாலும் மீன்கள் பிழைத்தன. இரண்டு மாண்டிபோரா தட்டுகள் ஒரு வாரத்தில் வெறும் கூடாயின. சுண்ணாம்பு நீரின் பிஎச் 12-க்கு மேல் என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் அத்தகைய திரவத்தை, நீர்மட்டம் இறங்கினால் தானே ஓடும் ஒரு பம்பின் பொறுப்பில் விட்டிருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது.

இருபாகக் கரைசலில் ஒரு பாகம் கால்சியம் குளோரைடு, மற்றொன்று சோடியம் கார்பனேட் அல்லது பைகார்பனேட். சமையல் சோடாவைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டுக் கார்பனேட்டாக்கி வீட்டிலேயே தயாரிக்கும் முறையை, வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி பரவலாக்கினார்; நானும் அதையே பின்பற்றுகிறேன். கால்சியம் குளோரைடைக் கரைக்கும்போது குடுவை கைக்குச் சூடாகும். ஆறிய பின்பே கலனில் ஊற்றுகிறேன். இரண்டையும் ஒரே இடத்தில் விட்டால் பால் திரிவதுபோல் வெண்துகள்களாகிவிடும். ஆகவே குழாய்களைச் சம்பின் எதிரெதிர் முனைகளில், நீரோட்டம் வலுவாக உள்ள இடங்களில், முனை நீரைத் தொடாதபடி நிறுத்தியிருக்கிறேன்.

இதில் என்னைக் கவர்ந்தது பராமரிப்பின் தன்மைதான். கரைசலை அளந்து விடும் டோசிங் பம்ப் ஒரு நாளின் அளவை 24 பங்குகளாக்கி மணிக்கொரு முறை விடுவதால், ஒவ்வொரு பங்கும் காரத்தன்மையை 0.1 டிகேஹெச் கூட உயர்த்துவதில்லை. பம்ப் நிற்காமல் ஓடும் அபாயம் இங்கும் இல்லாமல் இல்லை; அதற்காகக் கலனில் மூன்று நாள் கரைசலுக்கு மேல் வைப்பதில்லை. ஆனால் நான் கண்ட பழுதுகள் எல்லாம் குறைவாக ஊற்றும் பக்கமே இருந்தன. பம்பின் உருளைகள் அழுத்தி அழுத்தி உள்குழாய் தட்டையாகிவிட, 10 மில்லி கேட்டால் ஏழரை மில்லிதான் வந்தது. சோதனைக் குப்பியில் நிறம் மாறுவதற்கான துளிகள் இரண்டு குறைந்தபோதே அதைக் கண்டுகொண்டேன், தொட்டிக்குச் சேதமில்லை. அன்று முதல் மாதத்திற்கொரு முறை அளவுக்குடுவையில் பிடித்துச் சரிபார்க்கிறேன்.

குறை என்று சொன்னால் உப்பேற்றம்தான். இரு பாகங்களும் சேர்ந்தபின் மிஞ்சுவது சாதாரண உப்பு. நாளுக்கு 2 டிகேஹெச் ஊற்றும் தொட்டியில் மாதத்திற்கு லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் அது சேர்கிறது. வாரந்தோறும் மாற்றும் 30 லிட்டரை ஆயிரத்துக்கு 35 பங்குக்குப் பதில் 33 பங்கு உப்பளவில் கலக்கினேன். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் வெளியேற்றும் நீரும் துணை நிற்க, அளவு நிலைகொண்டது. நீர்மாற்றத்தைத் தள்ளிப்போடும் பழக்கமுள்ளவர்களுக்கு இம்முறை ஏற்றதல்ல.

கால்சியம் ரியாக்டரை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. வெளியூர் சென்ற நண்பருடைய பெரிய தொட்டியை மூன்று வாரம் பார்த்துக்கொண்டபோது கையாண்டதே என் அனுபவம். அதைக் கொண்டு முடிந்த தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. கரியமில வாயுவால் நீரை அமிலமாக்கி, அதில் அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) கற்களைக் கரைத்து, பவளங்கள் எடுத்துக்கொண்ட அதே விகிதத்தில் கால்சியத்தையும் கார்பனேட்டையும் திருப்பித் தருகிறது அக்கருவி. தத்துவத்தில் இதைவிட அழகானது இல்லை, உப்பேற்றமும் கிடையாது. ஆனால் வெளிவரும் நீரின் மெல்லிய தாரை இருமுறை அடைபட்டது, ஊசி வால்வு தானாக நகர்ந்து குமிழிகளின் வேகம் மாறியது, தொட்டியின் பிஎச் எப்போதும் சற்றுத் தாழ்ந்தே நின்றது. 500 லிட்டருக்கு மேல், பவளங்கள் அடர்ந்த தொட்டியில் மாதந்தோறும் கரைசல் கலக்கும் உழைப்பு மிச்சமாவதால், அங்கே அதன் தொடக்கச் செலவு ஈடாகலாம். என்னுடையதைப் போன்ற தொட்டிக்கு அது தேவையென்று தோன்றவில்லை.

சுண்ணாம்பு நீரை நான் முற்றாகக் கைவிடவில்லை. ஒளிச்சேர்க்கை நின்று பிஎச் இறங்கும் இரவு நேரத்தில், மூன்றாவது டோசிங் தலையின் வழியாக அரை லிட்டரைப் பல தவணைகளாக விடுகிறேன்; கலனிலும் அதற்கு மேல் இருப்பதில்லை. நீர்மட்டத்தை ஈடுசெய்யும் வாளியில் இப்போது வெறும் ஆர்ஓ நீர் மட்டுமே. ஓராண்டாகக் காரத்தன்மை 7.9-க்கும் 8.3-க்கும் இடையே நிற்கிறது. அந்த இரவில் தப்பிய மாண்டிபோராத் துண்டொன்று பழைய வெள்ளைக் கூட்டின்மேல் ஊதா விளிம்பு கட்டிப் படர்ந்துகொண்டிருக்கிறது.