தாத்தாவின் பென்டாக்ஸைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன், வேறு லென்ஸ் திரும்பி வந்தது

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ஃபிலிம் கேமராவைத் திரும்ப ஓட வைக்கலாம் என்று சிங்கப்பூரில் கடை தேடிக்கொண்டிருந்தால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்ல முடியாது. பெயரை வெளியிடமாட்டேன் என்று ஒத்துக்கொண்டுதான் விஷயம் முடிந்தது. ஆனால் நடந்ததைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

கேமரா அசாஹி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தாத்தா, 1965-இல் சேஞ்ச் ஆலி கடைச்சந்தில் பேரம் பேசி வாங்கியது. கூடவே 50 மி.மீ., எஃப் 1.4 சூப்பர்-டக்குமார் லென்ஸ். டேங்க் ரோட்டில் காவடி, தளத்துக் குடியிருப்பில் பொங்கல், அத்தையின் கல்யாணம் என்று எங்கள் குடும்பத்தின் பழைய படங்கள் பெரும்பாலும் அதில் எடுத்தவைதான். அவருக்குப் பிறகு சித்தப்பா வீட்டு அலமாரியில் தோல் உறைக்குள்ளேயே கிடந்தது. இந்த ஊர் ஈரக்காற்றில் கேமராவை அடைத்து வைக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். என்னிடம் வந்தபோது உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய பூஞ்சை இருந்தது. கிளிக் செய்யும்போது திறந்து மூடும் திரையான ஷட்டரின் மெதுவான வேகங்கள் இழுத்தன. சில சமயம் கிளிக் செய்தால் உள்ளே இருக்கும் ஆடி மேலேயே நின்றுவிடும். பல வருடம் ஓடாத எந்திரத்தில் கிரீஸ் இறுகினால் இப்படித்தான் ஆகும். சரிசெய்யக்கூடிய பழுதுதான்.

நகரின் நடுவில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்த கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல தமிழில் பேசினார். "தாத்தா கேமராவா தம்பி? இந்த மாதிரி இப்போ யாரு வச்சிருக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றார். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேமராவின் உடம்பைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். ரசீதில் 'பென்டாக்ஸ் ஒன்று, முழு சர்வீஸ்' என்று மட்டும் எழுதினார். லென்ஸ் எண்ணையும் எழுதுங்கள் அண்ணே என்று கேட்டதற்கு, "எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுருவேன்" என்றார்.

மொத்தக் கட்டணம் 340 சிங்கப்பூர் வெள்ளி. அதில் 60 வெள்ளி, பேட்டரி வோல்டேஜ் மாற்றத்துக்காம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலக் கேமராக்களில் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரியில் ஓடியவை. அந்த பேட்டரிகள் இப்போது விற்பனையில் இல்லை. இன்றைய 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரியைப் போட்டால் சில கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி தப்பாகக் காட்டும். கேனனின் கேனனெட் போன்ற கேமராக்களில் இது உண்மையான தொல்லை. ஆனால் ஸ்பாட்மேட்டிக்கின் ஒளிமானியில் இருப்பது பிரிட்ஜ் சர்க்யூட். வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலும் முள் காட்டுவது மாறாது. பேட்டரியின் அளவு மட்டும்தான் பிரச்சினை, அதற்கு ஒரு சின்ன ரப்பர் வளையம் போதும். செய்யத் தேவையே இல்லாத வேலைக்கு 60 வெள்ளி. இந்த மாடலுக்கு யாராவது வோல்டேஜ் மாற்றம் என்று பேச ஆரம்பித்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தபின் கேமரா வந்தது. பளபளவென்று இருந்தது. கடையிலேயே எல்லா வேகத்திலும் தட்டிக் காட்டினார், ஓடியது. வீட்டுக்கு வந்து லென்ஸை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் கண்ணாடி வழியே தாள் தே-ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் தெரிந்தது. கொடுக்கும்போது பூஞ்சை இருந்தது, மஞ்சள் இல்லை. அலமாரியிலிருந்து எடுத்த அன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்காக எல்லாப் பக்கமும் படம் எடுத்திருந்தேன். லென்ஸ் முகப்பு வளையத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்தேன். வேறு எண்.

மறுநாள் கடைக்குப் போனால் மனிதர் அசரவே இல்லை. "பழைய கண்ணாடி தம்பி, வருஷம் ஆக ஆக மஞ்சளாகத்தான் செய்யும்." இது பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. சூப்பர்-டக்குமார் 50 மி.மீ., எஃப் 1.4 லென்ஸில் முதலில் வந்த வகைக்கு 8 கண்ணாடிகள், பின்னால் வந்த வகைக்கு 7. அந்த 7 கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிரியக்கத்தால் வருடக்கணக்கில் மஞ்சள் ஏறும். புற ஊதா விளக்கின் அடியில் கொஞ்ச நாள் வைத்தால் பெருமளவு வெளுத்தும்விடும். 8 கண்ணாடி வகை அப்படி மஞ்சளாகாது. சேகரிப்பவர்கள் தேடுவதும் அதைத்தான், விலையும் நன்றாகவே கூடும். முகப்பில் எழுதியிருக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. அடையாளம் லென்ஸின் கழுத்தில் இருக்கிறது. எஃப் எண்கள் வரிசையில், அகச்சிவப்பு ஃபிலிமுக்கான சிவப்புக் குறி 4-க்கு வலப்பக்கம் இருந்தால் 8 கண்ணாடி, இடப்பக்கம் இருந்தால் 7. என் படத்தில் குறி வலப்பக்கம். கையில் இருந்த லென்ஸில் இடப்பக்கம். அவர் அன்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது.

இந்தக் கடைகள் இதில்தான் பிழைக்கின்றன. பணம் கொடுத்து வாங்கியவனுக்குப் பொருளின் விலை தெரியும். வழிவழியாக வந்ததை வைத்திருப்பவனுக்கு அதன் கதை தெரியும், விலை தெரியாது. 'தாத்தா கேமரா' என்று சொன்னதுமே எதிரில் இருப்பவருக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது.

சர்வீஸ் என்ன ஆனது என்றால், சில வாரத்தில் ஆடி மறுபடி மேலேயே நின்றது. வேறு ஒரு வயதான பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். எனக்கு முன்னாலேயே அடித்தட்டைத் திறந்து காட்டினார். பழைய கிரீஸ் இருந்த இடத்திலேயே கெட்டியாக இருந்தது. அதன்மேல் ஏதோ எண்ணெயைத் தெளித்திருக்கிறார்கள். தெளித்தவுடன் இறுகியது இளகி ஓடும், எண்ணெய் காய்ந்ததும் மறுபடி சிக்கும். போதாக்குறைக்கு அது வழிந்து ஷட்டரின் துணித்திரையில் கறை. உண்மையான சர்வீஸ் என்றால் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து எடுத்து, புதிதாக மிகக் கொஞ்சமாக வைத்து, திரையின் இழுவிசையைச் சரிபார்க்க வேண்டும். கடை மேசையில் கிளிக் கிளிக் என்று தட்டிக் காட்டுவதில் இது எதுவும் தெரியாது. வாங்கியதும் ஒரு ஃபிலிம் சுருளை 1/1000 வேகத்தில் வெறும் வானத்தைப் பார்த்து எடுத்துக் கழுவுங்கள். படத்தின் ஒரு ஓரம் இருண்டு வந்தால் திரைகள் சரியாக ஓடவில்லை.

முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸுக்கு எழுதினேன். அவர்கள் கடையோடு பேசிப் பார்த்தார்கள், கடை அசையவில்லை. அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். பலருக்கும் இது பெரிய கோர்ட் வேலை என்ற பயம் இருக்கிறது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியே கிடையாது, நாமேதான் பேச வேண்டும். இணையத்திலேயே பதியலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும், கோரும் தொகை 20,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது, இரு தரப்பும் எழுதி ஒத்துக்கொண்டால் 30,000 வரை போகலாம். என்னுடையது போன்ற சின்னத் தொகைக்குத் தனிநபர் கட்டணம் வெறும் 10 வெள்ளி.

கடையின் வாதம் எதிர்பார்த்ததுதான்: ரசீதில் லென்ஸ் எண் இல்லை, இவர் கொண்டுவந்தது இந்த லென்ஸ்தான். கம்ப்யூட்டரில் போடுவதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன், பதில் இல்லை. என் பக்கம் பேசியது அந்த வாட்ஸ்அப் படங்கள். கடைக்குக் கொடுப்பதற்கு முந்தைய தேதி, தெளிவான எண், சிவப்புக் குறி எல்லாம் அதில் இருந்தன. கலந்துபேசும் கட்டத்திலேயே கடை இறங்கி வந்தது. சர்வீஸ் பணம் முழுவதும், லென்ஸுக்கு ஒரு தொகையும் தந்தார்கள். லென்ஸ் மட்டும் எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லையாம்.

ஆகவே, உடம்புக்கு மட்டும் வேலை என்றால் லென்ஸைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எம்42 என்ற திருகி மாட்டும் மரைதான், கையாலேயே சுழற்றி எடுக்கலாம். லென்ஸுக்கும் வேலை இருந்தால், உடம்பு எண்ணும் லென்ஸ் எண்ணும் ரசீதில் ஏறாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். எழுத மறுக்கும் கடைக்கு உங்கள் கேமரா வேண்டாம். மாற்றிய பாகம் ஏதாவது இருந்தால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

எங்கள் லென்ஸை யாராவது பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்திலோ கடைக் கண்ணாடிப் பெட்டியிலோ பார்த்தால் எனக்குத் தெரிவியுங்கள். எண் 417 என்று முடியும். ஆட்டோ, மேனுவல் மாற்றும் விசைக்குப் பக்கத்தில் ஊசியால் கீறிய 'மு' என்ற தமிழ் எழுத்து இருக்கும். வாங்கிவிட்டவர் யாராக இருந்தாலும் உங்கள்மேல் குற்றமில்லை, கொடுத்த விலையைக் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.