ஹைப்ரிட் பேட்டரி ஃபேன் பழுது: கையால் பார்ப்பதா, ஸ்கேனரை நம்புவதா?

குன்னூரில் ஹைப்ரிட் கார் வைத்திருந்தால் ஒரு சங்கடம் உண்டு. பேட்டரியைக் குளிர வைக்கும் ஃபேன் பழுதானாலும் மேலே இருக்கும்வரை தெரியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டிய நேரமே அங்கு குறைவு. மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான் கதை மாறும். பிரேக் பிடிக்கப் பிடிக்க மின்சாரம் பேட்டரிக்குள் ஏறி அது சூடாகும்; கீழே போகப் போக வெளிக்காற்றும் சூடு. எனக்கும் கல்லாறு தாண்டிய பிறகுதான் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், ஃபேன் இறக்கைகளில் கம்பளிப் பஞ்சு.

அதனால் சொல்கிறேன், முதலில் கோடு எண்ணை, அதாவது காரின் கணினி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டை, கேட்டு வாங்குங்கள். பி0ஏ80 என்றால் பேட்டரி பேக்கையே சந்தேகிக்க வேண்டும். பி0ஏ81 என்றால் ஃபேன் சர்க்யூட். ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இந்தக் குறியீட்டை நாமே படிக்க, காரில் செருகி மொபைலில் பார்க்கும் மலிவான புளூடூத் ரீடர் போதும். ஆனால் கோடு இல்லை என்பதால் ஃபேன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாதி அடைத்த ஃபேன் எந்தக் கோடும் காட்டாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மலையில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

கையால் பார்ப்பதற்குச் செலவே இல்லை. பல மாடல்களில் காற்று இழுக்கும் துவாரம் பின்சீட் பக்கம் இருக்கும். சால்வை, ஸ்வெட்டர், கேரட் பை என்று நாம் எல்லாவற்றையும் அதன் மேல்தான் போடுகிறோம். துவாரத்தில் ஃபில்டர் இருந்தால் கழற்றித் தட்டுங்கள். ஆனால் உள்ளே ஃபேன் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

ஆக்டிவ் டெஸ்ட் செய்யும் ஸ்கேனர் விலை கூடுதல்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. கார் குளிர்ந்திருந்தாலும் ஃபேனை நாம் சொன்ன வேகத்தில் சுற்ற வைக்கலாம். அப்போது துவாரத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் நல்லது. ஃபேன் சத்தம் கேட்டும் ஒட்டவில்லை என்றால் அடைப்பு இருக்கிறது, அல்லது காற்றுக் குழாய் கழன்றிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார் என்ற வரிசையில் போகலாம். பேட்டரியின் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் அதிலேயே பார்க்கலாம். இறக்கம் முடிந்த உடனே, கார் சூடாக இருக்கும்போது அதைப் பாருங்கள்.

மல்டிமீட்டர் அதற்கு அப்புறம்தான். வேகத்தைச் சொல்லத் தனி சிக்னல் வயர் உள்ள ஃபேன்களில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது வீண் வேலை.

ஃபேனைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும் என்றால் அவசரம் வேண்டாம். ஃபேன் 12 வோல்ட்தான், ஆனால் பக்கத்திலேயே ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர் ஓடுகிறது. காரை அணைத்து, சர்வீஸ் பிளக்கை (உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் பிளக்) இன்சுலேட்டட் கையுறையோடு எடுத்து, பத்து நிமிடமாவது காத்திருங்கள். கையுறை இல்லையென்றால் ஹைப்ரிட் கார் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.