கரண்ட் போனால் மைக்ரோ இன்வெர்ட்டர்: பேட்டரி சேர்க்கவா, ஹைபிரிட்டுக்கு மாறவா?

உச்சி வெயில். மாடியில் 8 சோலார் பேனல், ஒவ்வொன்றின் அடியிலும் அதன் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி, அதாவது மைக்ரோ இன்வெர்ட்டர். தெருவில் கரண்ட் போனதும் வீட்டு ஃபேனும் நின்றுவிடும். பழுதல்ல. கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன்மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே, கிரிட் (தெரு லைன்) இல்லாவிட்டால் மைக்ரோ இன்வெர்ட்டர் ஓரிரு நொடியில் அணைந்துவிடும்.

மைக்ரோவை அப்படியே வைத்துக்கொண்டு, ஏசி பக்கம் ஒரு பேட்டரி இன்வெர்ட்டர் சேர்க்கலாம். கரண்ட் போனதும் அது வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டு, தானே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொடுக்கும். மைக்ரோ அதையே கிரிட் என்று நம்பி, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். தலைவலி பேட்டரி நிரம்பிய பிறகுதான். மிச்ச மின்சாரத்துக்குப் போக்கிடம் கிடையாது. அதனால் பேட்டரி இன்வெர்ட்டர் ஹெர்ட்ஸை 50-க்கு மேல் ஏற்றும். அதைப் பார்த்து மைக்ரோ உற்பத்தியைக் குறைக்கும். பழைய மாடல்களில் சில, குறைக்கத் தெரியாமல் பட்டென்று அணையும்.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. மோட்டாரை நிறுத்திய அந்த நொடியில் சோலார் மின்சாரம் மொத்தமும் பேட்டரி இன்வெர்ட்டருக்குள் திரும்பும். அதனால்தான் சோலார் வாட், இன்வெர்ட்டரின் விஏ அளவை (அது தாங்கும் திறனை) தாண்டக்கூடாது என்கிறது இன்வெர்ட்டர் தயாரிக்கும் விக்ட்ரான் நிறுவனம். 400 வாட் மைக்ரோ எட்டு என்றால் 3,200. 3 கேவிஏ (3,000 விஏ) பத்தாது, 5 கேவிஏ வாங்க வேண்டும்.

ஹைபிரிட் என்பது பேனலையும் பேட்டரியையும் ஒரே பெட்டியில் கவனிக்கும் இன்வெர்ட்டர். அதில் இந்த ஹெர்ட்ஸ் வித்தையெல்லாம் தேவையில்லை. பேனலின் டிசி நேராகப் பேட்டரிக்குப் போகும். நிரம்பினால் பேனலிடமிருந்து வாங்குவதையே குறைத்துக்கொள்ளும். ஏசியாக்கி, மறுபடி டிசியாக்கும் இழப்பும் மிச்சம். ஆனால் பேனல்கள் வரிசையாக இணைவதால் மாடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி ஓடும், அந்த ஒரே பெட்டி கெட்டால் மொத்தமும் நிற்கும். மாலை மூன்று மணிக்குத் தென்னை ஓலை நிழல் இரண்டு பேனல்மேல் விழும் வீட்டில் மைக்ரோதான் கெட்டிக்காரன்.

புதிதாகப் போடுகிறீர்கள், நிழல் இல்லை, கரண்ட் மணிக்கணக்கில் போகிறது என்றால் ஹைபிரிட்தான் என் தேர்வு. மைக்ரோ ஏற்கெனவே மாடியில் இருந்தால் கழற்றாதீர்கள், பேட்டரி இன்வெர்ட்டரைச் சேருங்கள். அரை மணி நேரம்தான் போகும் என்றால் இரண்டுமே வீண் செலவு. சோலார் தூங்கட்டும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் பழைய யுபிஎஸ் போதும்.

ஆனால் அந்த யுபிஎஸ்ஸின் அவுட்புட்டில் மட்டும் மைக்ரோவைக் கோத்துவிடாதீர்கள். வெளியே கொடுக்க மட்டுமே தெரிந்த பெட்டி அது, திரும்பி வருவதை வாங்கத் தெரியாமல் புகைந்துபோகலாம்.