நான்கு விருப்பத் தாள்கள், ஒரு படிவம்: கணினி அறிவியல் முதலாமாண்டுக்கு எது?

அக்கா மகள் கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறாள். வலங்கைமானிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். போன வாரம் ஒரு படிவத்தை போட்டோ எடுத்து அனுப்பினாள். "மாமா, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணுமாம். எதை எழுதட்டும்?" என்று கேட்டிருந்தாள். புள்ளியியல் அடிப்படைகள், கணக்குப்பதிவியல் அறிமுகம், கல்வெட்டியல் அறிமுகம், காளான் வளர்ப்பு என்று நான்கு தாள்கள் இருந்தன.

கலை அறிவியல் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். என்.எம்.இ. (Non-Major Elective) என்போம், அதாவது சொந்தத் துறைக்கு வெளியே எடுக்கும் விருப்பத் தாள். சொந்தத் துறை நடத்தும் தாளை எடுக்க முடியாது, வேறு துறைக்குப் போய் உட்கார வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், இரண்டு கிரெடிட். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கும், முதல் பகுதியில் தமிழுக்குப் பதில் வேறு மொழி எடுத்தவர்களுக்கும் இந்த இடத்தில் தமிழ்த் தாள் வந்துவிடும். மற்றவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு கிரெடிட்தானே, எந்த சார் மார்க் அள்ளிப் போடுவாரோ அங்கே போ என்பது சீனியர்கள் சொல்லும் வழி.

எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. 1904-ல் இதே ஊரில் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார். அந்தப் பாடங்களை அவர் மேல் சுமத்தினார்கள், விருப்பம் கேட்கவில்லை. இன்றைக்கு விருப்பம் கேட்கிறார்கள் என்றால் அதை வீணடிக்கக் கூடாது. நான்கு தாள்களையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தேன். கல்லூரிக்கு வெளியே இது இவளுக்குக் கிடைக்குமா?

புள்ளியியலிலிருந்து தொடங்குகிறேன். கணினி படிப்பவருக்கு இது கட்டாயம் வேண்டும், அதில் இரண்டு கருத்து கிடையாது. சராசரி எங்கே ஏமாற்றும் என்று தெரியாமல் டேட்டாவில் கை வைக்கக் கூடாது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் சராசரி எடுத்தால் ஜூன் 25-க்குப் பக்கத்தில் ஒரு தேதி வரும். முதல் வருடமும் அந்தத் தேதிக்குத் தண்ணீர் திறக்கவில்லை, இரண்டாவது வருடமும் இல்லை. குறுவைக்கு நாற்று விடுகிறவருக்கு அந்தத் தேதியால் ஒரு பயனும் இல்லை. இப்படி யோசிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம் புள்ளியியல். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் கணினி அறிவியலுக்குக் கணிதமோ புள்ளியியலோ துணைப்பாடமாகவே வருகிறது. அதைவிட ஆழம் குறைந்த ஒரு தாளுக்கு இரண்டு மணி நேரத்தைச் செலவழிப்பது வீண். துணைப்பாடத்தில் அது இல்லையென்றால் மட்டும், மேற்கொண்டு படிக்க வேண்டாம், புள்ளியியலையே எழுதிவிடலாம்.

காளான் வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைக்கோலைத் துண்டாக்கி, ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக விதை தூவிக் கட்டுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்க வெள்ளை நூல் ஓடியிருக்கும். பார்க்கவே அழகு. கையில் அழுக்குப் படப் படிக்கும் பாடம் கணினி மாணவருக்கு நல்லதுதான். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சென்சார் வைத்து அளக்க ஒரு புராஜெக்டும் கிடைக்கும். ஆனால் இந்தப் பயிற்சி நீடாமங்கலம் மாதிரி வேளாண் அறிவியல் நிலையங்களில் கிடைக்கக்கூடியது. வேண்டும் என்கிறபோது கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது கணக்குப்பதிவியல். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. வேலைக்குப் போன புதிதில் ஒரு பாத்திரக் கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதினேன். வாங்கிய குடத்தை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் பழைய பில்லில் அந்த வரியை அழித்துவிடும்படி எழுதியிருந்தேன். கடையின் கணக்குப்பிள்ளை, எழுபது வயது இருக்கும், திரையைப் பார்த்துவிட்டு, "கணக்குல எதையும் அழிக்கக் கூடாது தம்பி. போனது போனதுதான். திரும்பி வந்துச்சுன்னா அதுக்கு எதிர்ப் பதிவு போடுங்க" என்றார். தன் பேரேட்டைத் திறந்து காட்டினார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. தவறாகப் போன வரிக்குக் கீழே அதைச் சரிசெய்யும் இன்னொரு வரி, பக்கத்தில் தேதி. பற்றும் வரவும் சமமாக வராவிட்டால் எங்கோ பிழை என்று அந்தப் புத்தகமே சொல்லிவிடும்.

டேட்டாபேஸ் பாடத்தில் பரிவர்த்தனை (டிரான்சாக்‌ஷன்) பற்றி மூன்று யூனிட் படித்திருந்தேன். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு திருப்பிய சரக்குக்கு கிரெடிட் நோட் போடாமல் கடை நடத்தவே முடியாது. இந்த ஊர்களில் மென்பொருள் எழுதிப் பிழைக்கப் போகிற பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள தாள் இல்லை. குறை ஒன்று உண்டு. சின்ன ஊரில்கூட பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கும் சென்டர் இருக்கிறது. பற்றும் வரவுமாக எழுதும் இரட்டைப் பதிவு ஏன் இப்படி என்பதை அங்கே விளக்க மாட்டார்கள், எந்த விசையைத் தட்டுவது என்பதைச் சொல்வார்கள். இருந்தாலும் வாசல் திறந்திருக்கிறது.

கல்வெட்டியல் பெயரைப் பார்த்ததும் அக்கா போனிலேயே சிரித்தாள். "கம்ப்யூட்டர் படிக்கிற பொண்ணுக்குக் கல்லு எதுக்குடா?" என்றாள். நான் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றைப் பற்றிச் சொன்னேன். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. கோயில் பணிக்கென்று பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியல். எந்தத் தெரு, அதில் தென்சிறகா வடசிறகா (தெற்கு வரிசையா வடக்கு வரிசையா), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் ஒரே வரிசையில் விவரம் போகிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருடத்துக்கு நூறு கலம் நெல். அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று பெயர். ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு அடுத்த உறவு முறைக்காரருக்குப் போகும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை வைத்து வேலையை நடத்த வேண்டும் என்று அதற்கும் விதி எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருக்குப் பெயர் ஒன்றாக இருந்தாலும் தெருவும் சிறகும் வீடும் சேர்ந்தால் ஆள் தனியாகத் தெரிந்துவிடும். பிரைமரி கீ என்றால் என்ன என்று நாம் படிப்பது இதைத்தான்.

கல்வெட்டில் வரும் அளவைப் பாருங்கள். எங்கள் பக்கம் இன்றும் நிலத்தை மாக் கணக்கில்தான் பேசுவோம். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. மா என்ற பின்னமே இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று, கீழ்முந்திரி அந்த முந்திரியிலும் 320-ல் ஒன்று. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதைப் பார்த்து முதல் வருடத்தில் எல்லாரும் திகைப்பார்கள். பின்னத்தைத் தோராயமாக்காமல் பின்னமாகவே வைத்துக்கொண்ட கணக்கைப் பார்த்த பிள்ளைக்கு அதன் காரணம் சீக்கிரம் பிடிபடும். இந்தப் பின்னக் குறிகள் 2019-ல்தான் யூனிகோடில் ஏறின.

இன்னொன்று, சோழர் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. முன்னும் பின்னும் படித்து, இந்த இடத்தில் இது மெய்யெழுத்து என்று முடிவு செய்ய வேண்டும். எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். இதை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது கஷ்டம். கல்லுக்குப் பக்கத்தில் நின்று, சாய்ந்து விழும் வெயிலில் விரல் வைத்து "இங்க பாரு, இது ககரம்" என்று காட்ட ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இந்தத் தாளை நடத்தும் வரலாற்றுத் துறையில் இருக்கிறாரா, பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவாரா என்று விசாரிக்கச் சொன்னேன். வகுப்பறையில் அரச பரம்பரைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பவர் என்றால் இந்தத் தாளே வேண்டாம், கணக்குப்பதிவியலுக்குப் போய்விடு என்றும் சொன்னேன்.

விசாரித்துவிட்டு வந்தாள். பருவத்துக்கு இரண்டு முறை கூட்டிப்போகிறார்களாம், ஒருமுறை தாராசுரம், ஒருமுறை தஞ்சாவூர். வகுப்பு கடைசி மணி நேரத்தில் வருவதால் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வர வேண்டும். அக்கா அதற்குத்தான் கொஞ்சம் முகம் சுளித்தாள், அப்புறம் சரி என்றாள். முதல் விருப்பத்தில் கல்வெட்டியல், இரண்டாவதில் கணக்குப்பதிவியல் என்று எழுதி வியாழக்கிழமையே கொடுத்துவிட்டாள். அடுத்த பருவத்திலும் இதே மாதிரி ஒரு தாள் வருகிறது. வணிகவியல் துறை அப்போதும் கணக்குப்பதிவியலை நடத்தினால், அதற்கு இப்போதே அந்தத் துறையில் பெயர் சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.