மெர்லின், ஈபேர்டு: வலசைப் பறவைகள் திரும்பும் பருவத்தில் எது எதற்கு உதவும்?

மாசி முடிந்தால் தோப்பிலும் ஏரிக்கரையிலும் குரல்கள் கூடிவிடும். விடியுமுன்பே குயில் தொடங்கிவிடும். அக்காக்குயில் இரவிலும் ஓயாது. இந்தக் கச்சேரிக்கு நடுவில்தான் பிளித் நாணல் கதிர்க்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி எல்லாம் சத்தமில்லாமல் வடக்கே கிளம்புகின்றன. அவை வந்த நாளைக் குறித்து வைக்க ஆள் உண்டு, போன நாளைக் குறிப்பவர்கள் குறைவு. இந்தக் குறையைத் தீர்க்க மெர்லின், ஈபேர்டு என்ற இரண்டு செயலிகளும் எவ்வளவு உதவும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

இரண்டும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் செயலிகள், இரண்டும் இலவசம். ஈபேர்டு 2002-இல் ஆடுபன் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து தொடங்கப்பட்டது, மெர்லின் 2014-இல் வந்தது. மெர்லின் பறவையின் பெயர் சொல்ல உதவும், ஈபேர்டு நாம் பார்த்த, கேட்ட பறவைகளைப் பட்டியலாகக் குறித்துவைக்கும் பதிவேடு. இந்த வேறுபாடு மனதில் பதியாவிட்டால் இரண்டையுமே தவறாகத்தான் பயன்படுத்துவோம்.

மெர்லினை நிறுவியதும் வீட்டு வைஃபையிலேயே உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதன்பிறகு சிக்னல் இல்லாத மலையடிவாரத்திலும் அது வேலை செய்யும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும், 2021-இல் சேர்ந்த ஒலி அடையாளம்தான் இதன் உயிர். பதிவை ஓடவிட்டு, கைபேசியின் மைக் குரல் வரும் பக்கம் பார்க்கும்படி பிடித்து, அசையாமல் நிற்கவேண்டும். நடந்துகொண்டே பதிந்தால் சருகுச் சத்தமும் சட்டை உரசலும் மெல்லிய குரல்களை அமுக்கிவிடும். மைக் துளையை விரல் மூடுவது எல்லோரும் செய்யும் பிழை. குரல் வரும் கணத்தில் பட்டியலில் அந்தப் பெயர் மஞ்சளாக ஒளிரும். அதைத் தொட்டு, சேமித்து வைத்திருக்கும் மாதிரி ஒலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குரல்களைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கடினம்.

ஆனால் சாட்சியாக இதை ஏற்கமுடியாது. துடுப்புவால் கரிச்சான் வல்லூறுபோலக் கத்தினால் பட்டியலில் வல்லூறு ஏறிவிடலாம். அணிலின் தொடர்ச்சியான கீச்சலும் பறவையாகிவிடலாம். பயிற்சிக்குப் போதிய ஒலிப்பதிவு இல்லாத இனம் எவ்வளவு உரக்கப் பாடினாலும் பட்டியலில் வராது. இந்தப் பருவத்துக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. குயிலும் செம்மார்புக் குக்குறுவானும் நீளமாகப் பாடுவதால் மெர்லின் எளிதில் பிடித்துவிடும். புதருக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒற்றைச் சொல் சொல்லும் கதிர்க்குருவியிடம்தான் அது தடுமாறும். நமக்கு மிகவும் வேண்டியதோ அந்தக் கதிர்க்குருவி. ஆகவே மெர்லின் சொன்ன பெயரைத் தேடலின் தொடக்கமாக வைத்துக்கொண்டு, பைனாகுலரில் பறவையைப் பார்த்த பிறகோ உங்கள் காதுக்கே உறுதியான பிறகோ மட்டும் ஈபேர்டில் ஏற்றுங்கள். செயலி சொன்னதை மட்டும் நம்பிப் பதியக்கூடாது என்பதே ஈபேர்டின் நிலைப்பாடும்.

மெர்லினில் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வசதி நன்றாகவே இருக்கிறது, பறவை சட்டகம் நிறையும்படி பெரிதாக்கிக் கொடுத்தால் போதும்.

ஈபேர்டின் பலம் 'முழுப் பட்டியல்'. அடையாளம் தெரிந்த பறவைகள் அத்தனையையும் சேர்த்தீர்களா என்று கடைசியில் கேட்கும். காகம், மைனா உட்பட எல்லாம் சேர்த்திருந்தால்தான் 'ஆம்' என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்ன பட்டியலில் கதிர்க்குருவி இல்லையென்றால் அந்த இல்லாமையும் ஒரு தகவல். அரிய பறவையை மட்டும் தனியாகப் போடும் பட்டியலில் இது கிடைக்காது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 15 நிமிடம் போதும். வாரம் மூன்று நாள் செய்தாலே ஏப்ரலில் எந்த வாரத்தில் குரல் நின்றது என்று தெரிந்துவிடும்.

பட்டியலைக் கிளம்பும்போதே தொடங்குங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் சிட்டுகளின் எண்ணிக்கை எப்போதும் குறையும். எண்ணிக்கைக்குப் பதில், 'இருந்தது' என்று மட்டும் பொருள்படும் 'எக்ஸ்' போடுவதைத் தவிருங்கள், தோராயமான எண்கூட அதைவிட மேல். குயில்களை எண்ணும்போது ஒரே சமயத்தில் வெவ்வேறு திசையில் கேட்டவற்றை மட்டும் தனித்தனியாகக் கொள்ளுங்கள். போன வழியே திரும்பினால் தூரத்தை ஒரு முறைதான் கணக்கிடவேண்டும். செயலி இரண்டு வழியையும் கூட்டியிருந்தால், அனுப்புமுன் பாதியாக்குங்கள். ஏரியிலிருந்து தோப்புக்குள் நுழைந்தால் புதுப் பட்டியல். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஹாட்ஸ்பாட் (எல்லோரும் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுப் பறவை நோக்கு இடம்) இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நாம் நடக்கும் பாதையைச் செயலி குறித்துக்கொள்ளும் வழித்தடப் பதிவு பேட்டரியை வேகமாகக் குடிக்கும், அரை நாள் சுற்றுவதென்றால் பவர்பேங்க் வேண்டும்.

மே மாதத்தில் வலசைப் பறவை எதையாவது பதிந்தால் செயலி விளக்கம் கேட்கக்கூடும். 'உறுதியாகப் பார்த்தேன்' என்று எழுதுவது யாருக்கும் பயன்படாது. அலகு, புருவக்கோடு, வால், குரல், இதுவாக இருக்குமோ என்று எண்ணிப் பின் ஒதுக்கிய மற்ற இனம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒலிப்பதிவு இருந்தால் சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே இணையுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்கும் ஓணானுக்கும் ஈபேர்டில் இடமில்லை, அவற்றுக்கு எல்லா உயிரினங்களையும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி. அருகிவரும் இனங்களின் இருப்பிடத்தை அது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மறைத்துக் காட்டும். ஈபேர்டும் சில இனங்களுக்கு இடத்தை மறைக்கும், ஆனால் ஆள்காட்டியின் முட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கூடு, முட்டை, குஞ்சு பற்றிக் குறிக்கும் ஈபேர்டின் இனப்பெருக்கக் குறியீட்டைத் தாராளமாகப் போடுங்கள். கூட்டின் துல்லியமான இடத்தைக் குறிப்பில் எழுதவேண்டாம், படமும் வேண்டாம்.

ஏப்ரல் கடைசியில் வெயிலுக்குப் பயந்து பட்டியலை நிறுத்திவிடுபவர்கள் நிறைய. மே நடுப்பகுதிவரை அதே 15 நிமிடத்தைத் தொடருங்கள், காலை ஆறு மணிக்கே முடித்துக்கொண்டாலும் சரி.