சாச்சுரேஷன் 99 என்றால் மூச்சு சரியாக இருக்கிறதா? ஆக்சிமீட்டரும் கேப்னோகிராஃபும்

எண்டோஸ்கோபிக்கோ குழந்தையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கோ சேலத்துக்கு வருபவர்களுக்கு மயக்க மருந்து போட்டதும், "சாச்சுரேஷன் 99, பயப்படாதீங்க" என்பார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது மூச்சே நின்றாலும், நுரையீரலில் இருப்பு உள்ள வரை, சில சமயம் நிமிடக்கணக்கில்கூட, 99 அப்படியே நிற்கும்.

அந்த எண்ணைக் காட்டும் கருவிதான் ஆக்சிமீட்டர். 1970-களில் ஜப்பானின் தக்குவோ அயோயாகி கண்டுபிடித்த முறை இது. மலிவு, விரலில் மாட்டினால் போதும். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளிலேயே இருக்கிறது. விரல் சில்லிட்டிருந்தாலோ அடர்த்தியான நகப்பாலிஷ் இருந்தாலோ தடுமாறும்.

கேப்னோகிராஃப், வெளியே வரும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது. மூக்கருகே வைத்த மெல்லிய குழாய் காற்றை உறிஞ்ச, திரையில் மூச்சுக்கு ஒரு மேடு எழும். மூச்சு நின்றால் அடுத்த மேடு வராது. சில நொடிகளில் தெரிந்துவிடும். இயல்பான அளவு 35 முதல் 45 மி.மீ. பாதரசம். ஆனால் தொண்டையில் ட்யூப் இல்லாதவரிடம் அந்த எண்ணை நான் பெரிதாக நம்பமாட்டேன். வாயால் மூச்சு விட்டாலும், ஆக்சிஜன் கலந்தாலும் குறைத்துக் காட்டும். மேட்டின் வடிவத்தையும் வேகத்தையும்தான் பார்க்க வேண்டும். குழாயில் ஈரம் அடைத்தால் வீண் அலாரம் வேறு.

நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி. பேட் வழியாக மானிட்டர் எண்ணும் மூச்சுக் கணக்கை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. நாக்கு பின்னால் சரிந்து தொண்டை அடைத்தாலும் நெஞ்சு ஏறி இறங்கும். அதுவும் 16, 17 என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் கணக்கு கொஞ்சம் மாறும். காற்றழுத்தம் குறைவு என்பதால் சாச்சுரேஷன் சற்றுக் கீழேதான் தொடங்கும். ஆக்சிஜன் வைக்காத நிலையில் மூச்சு குறைந்தால், ஆக்சிமீட்டர் சீக்கிரமே இறங்கிக் காட்டிவிடும். அதற்காக ஆக்சிஜனை நிறுத்தச் சொல்லவில்லை. வைத்த பிறகு ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2011-லேயே மிதமான, ஆழ்ந்த மயக்கத்துக்கும் கார்பன் டை ஆக்சைடு கண்காணிப்பைத் தன் அடிப்படை விதிகளில் சேர்த்துவிட்டது.

குறட்டை விடுபவர், உடல் பருமன் உள்ளவர், புரோபோஃபால் என்ற மயக்க ஊசி போடப்படுபவர் என்றால் கேப்னோகிராஃப் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம், திரையை யார் பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள். ஸ்கோப் பிடிக்கும் டாக்டரே அதையும் பார்த்துக்கொள்வார் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் தலைமாட்டில் இருக்க வேண்டும்.