தூசியிலும் பனியிலும் தாழப் பறக்க எந்தக் கருவி கைகொடுக்கும்?

தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு மூன்று எமன்கள்: மலைச்சரிவு, மின்கம்பி, இறங்கும்போது தன் ரோட்டரே கிளப்பும் தூசி. மூன்றுக்கும் ஒரே கருவி போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நைட் விஷன் காகிள் நிலவொளியையும் நட்சத்திர ஒளியையும் பெருக்கித் தரும். பார்வைப் பரப்பு சுமார் 40 டிகிரிதான். தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. காக்பிட் வெளிச்சம் கூசாமலிருக்க, பல காகிள்களில் சுமார் 665 நானோமீட்டருக்குக் கீழ் அலைநீளம் உள்ள ஒளியை ஒரு வடிகட்டி தடுத்துவிடுகிறது. கோபுர உச்சியின் சிவப்பு எல்இடி எரிவதோ 620, 630 நானோமீட்டர் வாக்கில். வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் விளக்கு காகிளில் காணாமல் போகும். காகிளுக்கு அடியால் அடிக்கடி வெறுங்கண்ணால் பார்ப்பதுதான் வழி.

வெப்பக் கேமராவுக்கு வெளிச்சமே தேவையில்லை. ஆனால் விடியலிலும் அந்தியிலும் மண், பாறை, மரம் எல்லாம் ஒரே வெப்பத்துக்கு வரும்போது படம் வெளிறிவிடும். அடர்ந்த மூடுபனியும் அதைக் கெடுக்கும்.

சிந்தெடிக் விஷன் ஜிபிஎஸ்ஸையும் நிலத் தரவையும் வைத்து வரையும் படம். பனி அதைத் தொடாது. தரவில் ஏறாத புதுக் கோபுரமும் அதில் வராது.

கம்பிக்கு லிடார்தான், அதாவது லேசரை அனுப்பி, பட்டுத் திரும்பும் ஒளியால் தூரம் அளக்கும் கருவி. சுமார் 1.5 மைக்ரான் லேசர், மெல்லிய கம்பியையும் சில நூறு மீட்டருக்கு முன்பே காட்டும். அடர்ந்த தூசியில் ஒளி சிதறி, தூசியே சுவராகத் தெரியும். 94 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தூசித்துகள் அதைவிட மிகச் சிறியது, எனவே ஊடுருவிவிடும். படம்தான் சொரசொரப்பாக இருக்கும். சாய்கோணத்தில் கம்பி அலையை வேறு பக்கம் தெறிக்கவிட்டால் ரேடாரும் தவறவிடும்.

கடைசி 50 அடியில் நிலைமை வேறு. சுழலும் தூசியைப் பார்க்கும் கண், நின்றிருக்கும் ஹெலிகாப்டர் நகர்வதாகவும், நகர்வது நிற்பதாகவும் ஏமாறும். பக்கவாட்டில் நழுவியபடி தரை தொட்டால் ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலான இறங்குசட்டம்) மாட்டி, வண்டி கவிழும். அங்கே அழகான படத்தைவிட ரேடார் ஆல்டிமீட்டர் (ரேடார் அலையால் தரையிலிருந்து உயரம் அளக்கும் கருவி) காட்டும் உயரமும், எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நழுவுகிறோம் என்று காட்டும் வேகக் கோடும்தான் உயிர் காக்கும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் முதலில் இந்த இரண்டும் உள்ள ஹோவர் (அந்தரத்தில் நிற்கும்) திரையை வாங்குங்கள், அடுத்தது லிடார். கோடு பக்கவாட்டில் நீண்டு, உடனே சுருங்கவில்லையா? இறங்காதீர்கள், பவர் ஏற்றி, நேராக மேலே போய்விடுங்கள்.